வாரியர் சாருக்குச் சிலை வைப்பதற்கு முன்னால்

(ஏப்ரல் 13 அன்று பாலக்காட்டில் நடந்த ஈச்சர வாரியர் நினைவுக் கூட்டத்தில் பேசியது)

தலைமை வகிக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி அய்யா அவர்களே, வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, கோழிக்கோட்டிலிருந்து ரயிலேறி வந்த மாஷ் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கம் தந்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே, முன்வரிசை வழக்கறிஞர் நண்பர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்: வாரியர் சாரின் போராட்டம், போலீஸ் புகார் ஆணையங்கள், அப்புறம் ஸ்டேஷன் கேமரா. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அதை எனக்கு வாழ்ந்து காட்டியவர் வாரியர் சார் என்கிற இந்த ஹிந்திப் பேராசிரியர்தான்.

1976 மார்ச் 1, எமர்ஜென்சி காலம். இரண்டு நாள் முன்னால்தான், பிப்ரவரி 28 அன்று, கோழிக்கோடு மாவட்டத்துக் காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தார்கள். விடியற்காலையில் கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜுக்கு வந்த போலீஸ், வாரியர் சாரின் மகனும் கடைசி வருட மாணவனுமான ராஜனைப் பிடித்துக்கொண்டு போனது. நன்றாகப் பாடுகிற பையன். அந்தக் கல்லூரியின் ‘ராகம்’ கலைவிழா இன்றும் அவன் நினைவாகத்தான் நடக்கிறது. பிரின்சிபால் பகாவுதீன் அப்பாவுக்குத் தகவல் அனுப்பினார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். அப்பா கக்கயம் போலீஸ் முகாமுக்கு ஓடினார், உள்ளே விடவில்லை. கேரள உள்துறை மந்திரி கருணாகரனைப் பார்த்தார், உள்துறைச் செயலாளருக்கு எழுதினார், டெல்லிக்கு எழுதினார், குடியரசுத் தலைவருக்கே எழுதினார். பிடித்துப்போனவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஹேபியஸ் கார்பஸ் மனு போடலாம் என்றால், எமர்ஜென்சியில் அந்தக் கதவே கிடையாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அடி மேல் அடி!

எமர்ஜென்சி போன கையோடு, கருணாகரன் முதலமைச்சரான அதே 1977 மார்ச்சில், ஐகோர்ட்டில் மனு போட்டார். அவருக்காக வக்கீல் ஈஸ்வர அய்யர் வாதாடினார். அப்படி ஒரு பையனைக் கைது செய்யவே இல்லை என்று அரசாங்கம் சாதித்தது. அப்போதுதான் பிரின்சிபால் கூண்டேறிச் சொன்னார், மாணவர்கள் சொன்னார்கள். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் அவர்களை நம்பினார்கள். பையனைக் கொண்டுவந்து நிறுத்து என்று தீர்ப்பு வந்தது ஏப்ரல் 13 அன்று. (2006இல் வாரியர் சார் காலமானதும் இதே தேதியில்தான்.) ஏப்ரல் 25 அன்று முதலமைச்சர் ராஜினாமா செய்தார். அம்மி நகர்ந்தது. ஆனால் பையன் வரவில்லை. தொடையில் மரத்தடியை வைத்து உருட்டிச் சித்திரவதை செய்ததில், பிடித்துப்போன மறுநாளே அவன் செத்திருந்தான். அப்பா வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்த ஒரு வருடமும் மகன் உயிரோடு இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது விஷயமான புகார் ஆணையம், அதாவது போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க 2006 பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அமைக்கச் சொன்னது, அது தனிக்கூட்டமே போட வேண்டிய விஷயம். நேரமில்லை, கேமராவுக்கு வருகிறேன்.

அன்று பொய்யை உடைத்தது கண்ணால் பார்த்தவர்களின் சாட்சி. விடுதியில் பிடித்ததால் பார்க்க ஆள் இருந்தது. லாக்கப்புக்குள் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வை, பதிவை 18 மாதம் காப்பாற்று என்று உத்தரவிட்டது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் சாகடிக்கப்பட்டபோது நடந்தது தெரியுமா? விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி கேமராவை அமைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். கேமரா இருந்தது, கண் இல்லை. ரேவதி என்கிற பெண் தலைமைக் காவலர் துணிந்து பேசியிருக்காவிட்டால் அதுவும் மூடிப்போயிருக்கும். எல்லா ஸ்டேஷனிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று நம்பி நாம் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது.

வாரியர் சாருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் கேட்டார்கள். நல்ல யோசனை, நானும் என்னால் ஆனதைத் தருகிறேன். ஆனால் முதலில், இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை கேமரா ஓடுகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனு போடுவோம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் வராவிட்டால் தகவல் ஆணையம். அடி மேல் அடிதான். படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன, தமிழிலும் மலையாளத்திலும். ஒரு ஸ்டேஷனுக்கு ஒருவர் பொறுப்பு. போகும்போது உங்கள் ஸ்டேஷன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.