வானத்தைக் கணக்கில் பிடித்தவர்கள்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, இம்மண்டபத்தை மனமுவந்து தந்த ஆலய பரிபாலன சபையினரே, அறுவடை வேலையை விட்டு வந்திருக்கும் கமக்கார அமைப்புப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தொலைநோக்கி இல்லாத காலத்தில் கோள்களின் நிலையைக் கணித்த விதத்தைப் பாபிலோனியர், கிரேக்கர், எமது முன்னோர் என மூவர் வழியில் சொல்ல எண்ணியுள்ளேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பாபிலோனியர் செய்தது அதுவே. அவர்கள் இரவுதோறும் கண்டதைக் களிமண் பலகைகளில் எழுதிவைத்தார்கள், கி.மு. 652ஆம் ஆண்டுப் பலகைகூட இன்று கிடைத்திருக்கிறது. வெள்ளி 8 ஆண்டுகளிலும் சனி 59 ஆண்டுகளிலும் ஏறத்தாழ அதே நாளில் அதே விண்மீன்களருகே திரும்பி வருவதை அறிந்துகொண்டதால், வரும் ஆண்டில் சனி நிற்கும் இடத்தை அறிய 59 ஆண்டுகளுக்கு முந்திய பலகையை எடுத்துப் பார்த்தார்கள். அதை எழுதியவர் மறைந்திருப்பார்; எழுத்து இருந்தது.

எமது முன்னோர் கணக்கை நெஞ்சிலே வைத்தார்கள். சந்திரன் புவிக்கு மிகத் தொலைவான நிலையை 248 நாட்களில் 9 முறை அடைகிறது. அந்நாட்களுக்கு நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள் அமைத்து, எழுத்துக்களுக்குள் சந்திரனின் நிலையைக் காட்டும் எண்களைப் பொதிந்தார்கள். வாக்கிய பஞ்சாங்கம் அம்மரபில் வந்தது.

சென்னை வானாய்வகத்தைச் சிலகாலம் நடத்திய ஜோன் வாரன் 1825இல் பதிப்பித்த நூலிலே ஒரு செய்தி உண்டு, மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். புதுச்சேரியில் அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அம்மனிதர் தாளையும் எழுதுகோலையும் தொடவில்லை. தரையில் அமர்ந்து, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை வைத்தும் எடுத்தும், அவ்வாண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் வந்த பிழை 4 நிமிடங்கள்தான்! நடுநேரம் 23 நிமிடங்களும் முடிவு 52 நிமிடங்களும் பிசகின என்பதையும் மறைக்க மாட்டேன். ஆயினும் தலைமுறை தலைமுறையாக அடிமேல் அடி அடித்தவர்களின் உழைப்பல்லவா அந்தத் தரையில் கிடந்தது?

கோள்களின் ஓட்டத்தை விளக்கக் கிரேக்கர் வரைந்த வட்டங்களை இன்னொரு கூட்டத்துக்கு விடுகிறேன், ஏனெனில் பணிப்பாளர் அவர்கள் புறப்படுமுன் ஒன்றை வேண்டியாக வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் மறைக்கும் விண்மீன்கள் வன்னியில் குளக்கட்டிலே நின்றாலே தெரிகின்றன. பாடசாலைதோறும் ஒரு வானக் குறிப்பேடு வைத்து, எந்தக் கோள், எந்த விண்மீனருகே, எத்தனை விரலகலத்தில் நின்றது என்பதைத் திகதியோடு மாணவர் எழுதிவர அனுமதி தர வேண்டும். வேண்டுகோள் கடிதம் வாயில் மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையொப்பமிட்ட பின் அதனை இன்றே பணிப்பாளர் அவர்களிடம் கையளிப்போம்.