தும்மலுக்குக் காரணம் ஹால்ல இல்லீங்க, தலகாணில!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேக்குதா? ஆஃப் பண்ணா எனக்கு வேர்த்துக் கொட்டும், பொறுத்துக்கோங்க. இன்னைக்கு சமையல் கிடையாது, மொட்டை மாடில தலகாணி காயப் போட்ட கதை.

எங்க பெரியவன் காலைல கண்ணு முழிச்ச உடனே வரிசையா பத்து தும்மல் போடுவான். எங்க வீட்டு அலாரமே அதான். நானும் ஒட்டடைக் குச்சிய எடுத்துக்கிட்டு வீடு பூரா சுத்தினேன். ஃபேன் றெக்கை, ஜன்னல் கம்பி, சாமி படத்துக்குப் பின்னாடி, பரண் மேல, ஒண்ணு விடல. அன்னைக்கு ராத்திரி அவனுக்கு இன்னும் ஜாஸ்தி! ஏன்னா உதிர்ந்து கிடந்த தூசிய எல்லாம் நானே கிளப்பி விட்டுட்டேன்.

அப்புறம் டாக்டர்கிட்ட போனோம். கையில வரிசையா சொட்டு வெச்சு, லேசா குத்தி, ஒரு 15 நிமிஷம் உக்கார வெச்சாங்க. ஒரு சொட்டு மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சுப் போச்சு. டஸ்ட் மைட். சிலந்தி வகையறாதான், எட்டு காலு, ஆனா கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோலைத் தின்னுட்டு மெத்தைலயும் தலகாணிலயும் குடும்பம் நடத்துது. தும்மல் வர்றது முக்கியமா அதோட எச்சத்தால. ஆமா, நம்ம ராத்திரி பூரா மூஞ்சிய புதைச்சுக்கிட்டு படுக்கிறது அதுலதான். சாப்பிட்டுக்கிட்டே பாக்கறவங்க மன்னிச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். இது தண்ணி குடிக்காது, காத்துல இருக்கிற ஈரத்தத்தான் உறிஞ்சிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ இருந்தா காய்ஞ்சு திணறும். நம்ம சென்னைல 50-க்கு எங்க போறது? ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி கட்டில் பக்கத்துல வெச்சேன், 78 காட்டுது. ஏசி இருக்கிறவங்க படுக்கப் போறதுக்கு முன்னாடி டிரை மோட்ல ஓட விடுங்க. இல்லாதவங்க, ஈரத் துணிய பெட்ரூம்ல காயப் போடுறத மட்டுமாவது நிறுத்துங்க. மழைக்காலத்துல நம்ம எல்லாரும் பண்றதுதான், ஃபேனுக்குக் கீழ கயிறு கட்டி.

இப்ப மெயின் வேலை. பெட்ஷீட், தலகாணி உறை, போர்வை, எல்லாம் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டுல துவைக்கணும். ஃப்ரண்ட் லோடு மெஷின்ல அந்த நம்பரே இருக்கும். எங்களோடது ஹீட்டர் இல்லாத டாப் லோடு. அதனால அண்டால நல்லா சூடான வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வெச்சு, அப்புறம் மெஷின்ல போடுறேன். குழந்தைங்க பக்கத்துல வராம பாத்துக்கோங்க. பச்சைத் தண்ணில துவைச்சா எச்சம் நிறைய போயிடும், ஆனா மைட் சாகாது.

வெந்நீர் தாங்காத பொம்மை இருக்கும்ல? பாலிதீன் கவர்ல கட்டி ஒரு முழு நாள் ஃப்ரீசர்ல வெச்சுட்டு, அப்புறம் துவைங்க. எங்க வீட்டுக்காரர் ஐஸ் எடுக்கத் தொறந்து, மட்டன் பக்கத்துல கரடி பொம்மை உக்காந்திருக்கிறதப் பாத்து அலறிட்டாரு.

பெருக்குறத பத்தி ஒண்ணு. வறட்டு விளக்குமாறு போட்டா தூசி எந்திரிச்சு ஒரு அரை மணி நேரமாவது காத்துல சுத்தும். அதனால ஈரத் துணிதான், மேலேர்ந்து கீழ. நோவு இருக்கிறவங்க அந்த நேரம் ரூம்லயே இருக்கக் கூடாது. பெருக்குறவங்க மாஸ்க் போட்டுக்கோங்க. சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ரெண்டையும் பெட்ரூம்ல நிறுத்திட்டேன். அது அலர்ஜி இல்ல, புகை. ஆனா ஏற்கெனவே புண்ணாயிருக்கிற மூக்குக்கு அதுவே போதும். கொசுவலை கட்டியாச்சு, அதையும் மாசா மாசம் துவைக்கணும்.

கரப்பானும் ஒரு காரணம்தான். சிலிண்டருக்குப் பின்னாடி, ஃப்ரிட்ஜுக்கு அடியில பாருங்க. ஸ்ப்ரே அடிச்சா வீசிங் இருக்கிற புள்ளைக்கு கஷ்டம், ஜெல் சொட்டு வைக்கிறது தேவலாம்.

பாத்ரூம் சுவர்ல கருப்பா பூசணம் பூத்திருந்தா ஒரு எச்சரிக்கை. நான் பண்ண முட்டாத்தனம் இது: பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுட்டு, போகலையேன்னு மேலயே ஆசிட்ட ஊத்தினேன். குளோரின் வாயு கிளம்பிடுச்சு! கண்ணு எரிய, இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்தேன். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கவே சேர்க்காதீங்க. அப்புறம் சுவர்ல கசிவு இருந்தா மொதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க, நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

ஆறு வாரமாச்சு. பெரியவனுக்கு இப்ப காலைல ரெண்டு தும்மல், மூணு தும்மல். டாக்டர் குடுத்த மூக்கு ஸ்ப்ரேயும் போயிக்கிட்டேதான் இருக்கு, சுத்தம் பண்ணிட்டோம்னு மருந்த நிறுத்திடாதீங்க.

ஒரே ஒரு பஞ்சாயத்துதான் பாக்கி. எங்க அத்தையோட இலவம்பஞ்சுத் தலகாணி. அவங்க கல்யாண சீர்ல வந்தது, அதுலதான் இவனும் படுத்துக்கிட்டு கதை கேப்பான். துவைக்க முடியாது, தூக்கிப் போடவும் விட மாட்டாங்க. கடைசில, இழை நெருக்கமா நெய்த ஜிப் உறை ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, அதுவும் முன்னாடி வெயில்ல ஒரு நாள் போட்டு, தட்டி எடுத்ததுக்கு அப்புறம்தான். இப்ப மாடில காயுது. ஐயோ, இருட்டிக்கிட்டு வருது பாருங்க. அத்தை கூப்பிடறதுக்கு முன்னாடி நான் மாடிக்கு ஓடுறேன்!