ஐரிஷ் மரக்குழல்: ஆளைத் தேடுவதும் பதிவதும்

அவையோர்க்கு வணக்கம்.

ஐரிஷ் மரபுக் குழலுக்கு ஒரு தொகுப்பு வட்டு போடலாம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருகிற பெயர் மாட் மலாய். வரட்டும், தகுதியான பெயர்தான். ஆனால் அவரைப் போலவே வாசிக்கும் இருபது பேரை அடுக்கினால், ஒரே ஆள் இருபது தடவை வாசித்த மாதிரிதான் இருக்கும். எனவே பெயர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேளுங்கள்.

ரீல் என்பது இடைவெளியே இல்லாமல் ஓடும் நடன மெட்டு. மூச்சுக்கென்று அதில் இடம் ஒதுக்கவில்லை. வாசிப்பவர் ஏதாவது ஒரு சுரத்தை விழுங்கித்தான் காற்றை இழுக்க முடியும். எந்தச் சுரத்தை விழுங்குகிறார் என்பதில் அவர் ஊரே தெரிந்துவிடும். அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டக்காரர் ஜான் மெக்கென்னா 1920களில் நியூயார்க்கில் பதித்த இசைத்தட்டுகளில், மெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி மூச்சையே தாளமாக்கியிருப்பார். பக்கத்து ஸ்லைகோ, ராஸ்காமன் பக்கமும் அந்தத் துடிப்பு உண்டு. கிழக்கு கால்வே வேறு: நிதானம், நீண்ட இழுப்பு, கொஞ்சம் சோகம். அந்தப் பாணியில் வாசித்த பேடி கார்ட்டி, மைக் ராஃபர்ட்டி இருவரும் இன்று இல்லை. அவர்களுடைய பதிவுகள் அளவுகோலாக உதவும்.

தேடலை டப்ளினில் 1987இல் தொடங்கிய ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்தில் ஆரம்பியுங்கள். பிறகு ஜூலையில் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பே. 1973 முதல் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி வாரத்தில், வகுப்பைவிட மாலை நேர பப்களில்தான் ஆள் கிடைப்பார். வாசித்துக்கொண்டிருப்பவர் முன்னால் கேட்காமல் போனை நீட்டாதீர்கள். அங்கேயே காரியம் கெட்டுவிடும். அயர்லாந்துக் கரையோடு தேடலை முடித்துக்கொள்ளவும் வேண்டாம். கேத்தரின் மெக்கவாய், கெவின் கிராஃபோர்ட் இருவரும் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில்.

இனி கணக்கு. பெரும்பாலான ரீலுக்கு 32 அளவை (bar), அளவைக்கு இரண்டு தாளத் தட்டு, ஆக 64 தட்டு. நிமிடத்துக்கு 110 தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 35 நொடி. இரண்டு ரீல்களை மும்மூன்று சுற்று வாசித்தால் மூன்றரை நிமிடம். 80 நிமிட வட்டில் இடைவெளி போக 21, 22 பேர் கொள்வார்கள். மூன்று ரீல் கோர்ப்பவர்கள் பலருக்கு இடம் கொடுத்தால் அந்தக் கணக்கு உடையும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதிவறையில் பொதுவாக நடக்கும் தவறு, குளிர்ந்த குழலோடு சுருதி சேர்ப்பது. வாசிக்க வாசிக்கக் குழலுக்குள் காற்று சூடாகிச் சுருதி ஏறும். கூடவே கிட்டார் இருந்தால் பிசகு அப்பட்டமாகத் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் வாசிக்கவிட்டுப் பிறகு சேருங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் காற்றின் சீறல்தான் பதிவாகும். ஒரு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே வையுங்கள். ஆனால் மூச்சு இழுக்கும் ஓசையை எடிட்டிங்கில் துடைத்துவிடாதீர்கள். எதற்காக அந்த ஆளைத் தேடினோமோ, அதையே துடைப்பதாகும்!

உரிமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய மெட்டு என்று வாசிப்பவரே நம்பிக்கொண்டிருப்பது, எட் ரீவி போன்ற ஒருவர் இயற்றியதாக இருக்கலாம். ரீவி இறந்தது 1988இல். ஐரோப்பியச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 70 ஆண்டு உரிமை உண்டு. அதாவது 2058 முடியும்வரை. ஒவ்வொரு மெட்டின் பெயரையும், அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் வாசித்த அன்றே எழுதி வாங்குங்கள்.

வரிசைப்படுத்தும்போது டி சுருதிக் குழல்களாகவே அடுக்கினால் ஐந்தாவது பாட்டிலேயே காது சலித்துவிடும். நடுவில் ஒரு பி ஃபிளாட் சுருதிக் குழலை, தனியாக, ஏர் (air) எனப்படும் மெதுவான மெட்டோடு நுழையுங்கள். அதற்கு ஆள் குறைவு. அதனால் தேடும்போதே முதலில் அவரைப் பிடித்துவையுங்கள்.