துக்கம் விசாரித்தல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பங்காளிச் சண்டையில் பத்து வருடம் முகம் பார்க்காதவர்கள்கூட, அந்த வீட்டில் சாவு விழுந்தால் போய் நிற்பார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். போனதும் வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்: "நேற்று ராத்திரிகூட நன்றாகத்தான் சாப்பிட்டார்…" முன்பு வந்தவரிடம் சொன்னதும் அதுதான், அடுத்து வருபவரிடம் சொல்லப்போவதும் அதுதான். கேட்ட கதைதானே என்று யாரும் எழுந்து போவதில்லை. இதற்கு நாம் துக்கம் 'சொல்லுதல்' என்று பெயர் வைக்கவில்லை. துக்கம் 'விசாரித்தல்' என்று வைத்திருக்கிறோம். பாரம் கேட்பவர் மேல்தான் இருக்கிறது.

கதைகள் மனிதர்களை இணைக்கும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் இரண்டு தகப்பன்மார். ஒருவர் இஸ்ரேலியர், ராமி எல்ஹனான். மற்றவர் பாலஸ்தீனர், பஸ்ஸாம் அராமின்.

1997 செப்டம்பர் 4. ஜெருசலேமின் பென் யெஹூதா தெருவுக்குத் தோழிகளோடு போயிருந்தாள் ராமியின் மகள் ஸ்மதார். 14 வயதுகூட நிறையவில்லை. தற்கொலைக் குண்டுதாரிகள் அங்கே வெடித்தார்கள். அவள் வீடு திரும்பவில்லை.

2007 ஜனவரி. ஜெருசலேமை ஒட்டியுள்ள அனாட்டா என்ற பாலஸ்தீன ஊரில், பள்ளிக்கு அருகே, பஸ்ஸாமின் மகள் அபீரின் தலையில் ரப்பர் பூசிய தோட்டா பாய்ந்தது. சுட்டது இஸ்ரேலிய எல்லைக் காவல்படை. அவளுக்கு 10 வயது. சுட்டவர் மீது குற்றவழக்கு நடக்கவில்லை. பெற்றோர் தொடுத்த வழக்கில், 2010-இல்தான் ஒரு நீதிமன்றம் அரசே பொறுப்பு என்றது.

இந்த இருவரும் சேர்ந்திருப்பது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் ஒரு வட்டத்தில். 1994-இல் பாலஸ்தீன ஆயுத அமைப்பான ஹமாஸ் கடத்திக் கொன்ற ஓர் இஸ்ரேலியப் படைவீரனின் தந்தை, யிட்ஸாக் ஃபிராங்கெந்தால், அடுத்த ஆண்டு தொடங்கியது அது. இன்று இரு பக்கமும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அதில் சேர ஒரே தகுதி, இஸ்ரேல்–பாலஸ்தீன மோதலால் வீட்டில் ஒரு சாவு.

அதன் கூட்டத்துக்கு ராமி முதலில் நம்பிக்கையில்லாமல்தான் போனார். அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கிய பாலஸ்தீனக் குடும்பங்களில், இறந்த குழந்தையின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி வந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். தன் மனைவியும் ஸ்மதாரின் படத்தை அப்படித்தான் பிடித்திருந்தார் என்பது அவருக்கு உறைத்தது. அப்போது அவருக்கு 47 வயதிருக்கும். பாலஸ்தீனர்களைச் சக மனிதர்களாகச் சந்தித்தது அதுவே முதல் முறை என்று பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸாமின் பாதை இன்னும் கரடுமுரடானது. இஸ்ரேலியப் படையினரைத் தாக்கத் துணிந்த சிறுவர் கூட்டத்தில் இருந்ததற்காக, 17 வயதில் சிறைக்குப் போனார், ஏழு ஆண்டுகள். சிறையில் ஒருநாள் ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த இனப்படுகொலை பற்றிய படம் ஒன்றைப் போட்டார்கள். பகைவர்கள் சாவதைப் பார்த்து மகிழலாம் என்று உட்கார்ந்தவர், அழத் தொடங்கிவிட்டார். பிறகு இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்த வரலாற்றையே படித்துப் பட்டம் பெற்றார். ராமியின் தந்தையோ நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். நண்பனுடைய குடும்பத்தின் துக்கத்தை, நண்பனைச் சந்திக்கும் முன்பே விசாரித்துவிட்டவர் பஸ்ஸாம் என்று எனக்குத் தோன்றும்.

கதை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கண்முன்னேயே எத்தனை போர்கள் நடந்துவிட்டன! கதை பிரிக்கவும் செய்யும். 'அவர்கள் எல்லாரும் அப்படித்தான்' என்பதும் ஒரு கதைதான்; அதைச் சொல்ல ஆள் தேடவே வேண்டாம். இருவர் நிலையும் சமமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ராமி நினைத்த இடத்துக்குப் போகலாம். பஸ்ஸாம் இஸ்ரேலியச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும்.

இருந்தும் ஒன்று நடந்தது. அபீர் படித்த பள்ளி வளாகத்தில், அவள் பெயரால் தோட்டமும் விளையாட்டு இடமும் அமைக்க முன்னாள் இஸ்ரேலியப் படைவீரர்கள் வந்தார்கள். அந்த ஊருக்கு, கையில் மண்வெட்டியோடு.

ராமியும் பஸ்ஸாமும் பள்ளிகளுக்கும் மேடைகளுக்கும் சேர்ந்தே போகிறார்கள். ராமி ஸ்மதாரைப் பற்றிச் சொல்வார். பஸ்ஸாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பல நூறு முறை கேட்ட கதை. முதலிலிருந்து கேட்பார்.