ஊரார் பிள்ளைகளுக்கு நம் ஆலயக் கதவைத் திறப்போம்

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்து இவ்விழாவுக்குப் பெருமை சேர்க்கும் அம்மன் கோயில் நிர்வாகக் குழுப் பெரியவர்களே, தொழுகையை முடித்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் அவர்களே, நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, அதிகாலை முதல் அசன விருந்துக்கு அரிசி களைந்து, காய்கறி நறுக்கி, இன்னும் அடுப்படியை விட்டு வர முடியாமல் அங்கிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, சபை கமிட்டியாரே, வாலிபர்களே, பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கத்தையும் ஸ்தோத்திரத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன். சேகரத் தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்ன புகழ் வார்த்தைகள் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. இந்த மேடையை எனக்குக் கொடுத்த அவருக்கும், பயண ஏற்பாடுகளைக் குறைவின்றிச் செய்த சபை ஊழியருக்கும் முதலில் நன்றி சொல்ல வேண்டியது என் கடமை.

சுற்றியுள்ள உலகத்துக்குக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பயனுள்ளவர்களாக வாழலாம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கல்வி, மருத்துவம், பொதுவாழ்வில் நேர்மை என்னும் மூன்று காரியங்களைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். அதற்கு முன்பாக, மேடை ஏறும்போதெல்லாம் நான் சொல்லுகிற பழமொழியை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபத்திலும் இதே கருத்துதான் இருக்கிறது. அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருக்கையில் உங்களுக்கும் சமாதானம் இருக்கும் என்று அவர் எழுதினார். தங்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணத்துக்கே நன்மை தேட வேண்டியிருந்தது என்றால், பிறந்து வளர்ந்த சொந்த ஊரில், சொந்த மக்களோடு வாழுகிற நமக்கு எவ்வளவு பெரிய கடமை இருக்கிறது!

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். இந்தச் சிறு கூட்டத்தின் பெயரை ஊர் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறது என்றால், நம் முன்னோர் தங்களுக்கென்று மட்டும் எதையும் கட்டிக்கொள்ளவில்லை என்பதே அதற்குக் காரணம். முதலாவதாகக் கல்வி. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு தமிழ் கற்றார், பள்ளி தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் சபை எழும்பிய கிராமங்களில் பள்ளியையும் எழுப்பினார். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர், செம்மணல் மேடுகள் சூழ்ந்த அந்தத் தேரி ஊரில் தெருக்களைச் சீராக்கினார், கிணறு வெட்டுவித்தார், பள்ளி நடத்தினார். அவருடைய துணைவியார் எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளைப் படிக்க அழைத்துவந்தார். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய பள்ளி பாளையங்கோட்டையில் இன்றும் நடக்கிறது. செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்காகப் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியும் அதே ஊரில்தான் இருக்கிறது. இந்த நிலையங்கள் நம் சபையாரின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கவில்லை என்பதை நினைத்து நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

நாஞ்சில் நாட்டுச் செய்தி ஒன்றை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1819இல் நாகர்கோவிலில் பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்த காலம் அது; ஒழிக்கப்பட்டது 1855இல்தான். மிஷனெரிகளின் துணைவியரான மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் நடத்திய அந்தப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தை, அதாவது லேஸ், பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். மடியில் திண்டு, திண்டில் வரிசையாகக் குத்திய ஊசிகள், இரண்டு கைகளிலும் மாறி மாறி ஓடுகிற நூற்கட்டைகள் என்று குனிந்து உட்கார்ந்து பின்னிய பெண்பிள்ளைகளில் சிலர், அந்த ரேந்தைக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். இதைவிட மேலான சாட்சி எது? கையில் ஒரு தொழிலும் கண்ணில் நாலு எழுத்தும் கொடுத்தால் ஒரு பெண்பிள்ளை தன் விலங்கைத் தானே கழற்றிவிடுவாள் என்பதை நம் மண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

இப்பொழுது நான் பேச வந்த காரியத்துக்கு வருகிறேன். அந்நாளில் நம் கிராமங்களில் ஆலயமும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்த உபதேசியார்தான் திங்கட்கிழமை காலையில் அதே கூரையின் கீழ் மணலில் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதச் சொல்லிக்கொடுத்தார். இன்று நம்முடைய ஆலயங்கள் பெரிதாகிவிட்டன. பளிங்குத் தரை, உயர்ந்த கோபுரம், விலை உயர்ந்த ஒலிபெருக்கி, வாசலில் இரும்பு கேட், கேட்டில் பூட்டு. ஞாயிறு காலை ஆராதனை, வாரநாளில் ஒரு ஜெபக்கூட்டம். அது போக மற்ற நேரமெல்லாம் மின்விசிறியும் விளக்கும் நாற்காலியும் உள்ளே பூட்டிக் கிடக்க, எதிர்வீட்டுப் பிள்ளை தெருவிளக்கின் கீழே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். நான் அப்போது அந்த வட்டாரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஆலயத் திண்ணையில் ஒரு டியூப் லைட்டைப் போட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை உட்கார்த்திப் படிக்க வைத்து வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான். பங்குனி மாதம் பிறந்தது. பொதுத்தேர்வும் வந்தது, அம்மன் கோயில் கொடை விழாவும் வந்தது. புளியமரத்துக் கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள் இரண்டும் ஆலயத்தையே பார்த்தபடி இருந்தன. விடிந்தால் கணக்குத் தேர்வு. சபையாரில் சிலர் கொதித்தெழுந்து, காவல் நிலையத்துக்குப் போவோம், மனு எழுதுவோம் என்றார்கள். டீச்சர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தனியாக நடந்து கோயில் பந்தலுக்கே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

கொடைக்கு வரி பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை" என்று மட்டும் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீச்சர், எங்க வீட்டுப் பிள்ளையும் ஒங்க கோயில் திண்ணையிலதான இருக்கு. நீங்க சொல்லியா நான் தெரியணும்?" என்றவர், அடுத்த நிமிடமே பையன்களை மரத்தில் ஏற்றி, இரண்டு குழாய்களையும் பனங்காட்டுப் பக்கம் திருப்பச் செய்தார். அன்று ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய வில்லுப்பாட்டு ஒன்பது மணிக்குத் தள்ளிப் போயிற்று.

கதை இதோடு முடியவில்லை. அரை மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஊரே இருட்டு, கோயிலில் மட்டும் ஜெனரேட்டர். பிள்ளைகள் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றிக் குனிந்திருந்த நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு வாலிபர்கள் தெரு நெடுக வயரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். யார் காலிலும் தட்டிவிடக் கூடாது என்று தெருவின் குறுக்கே வரும் இடத்தில் மண்ணைக் கிளறி வயரைப் புதைத்தார்கள். ஆலயத் திண்ணையின் உத்தரத்தில் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அம்மன் கோயில் ஜெனரேட்டர் வெளிச்சத்தில், கிறிஸ்தவ ஆலயத் திண்ணையில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் முக்கோணவியல் படித்தார்கள். மனு எழுதப் புறப்பட்ட நம்மவர்கள் கண்கலங்கி நின்றதை நான் பார்த்தேன். ஒன்பது மணிக்கு வில்லின் முன் அமர்ந்த புலவர், பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் வணக்கம் பாடிவிட்டு, நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வாழ்த்துப் பாடினார்.

சில ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஆலயச் சுற்றுச்சுவர் சம்பந்தமாக ஒரு தகராறு கிளம்பியது. வெளியூரிலிருந்து தூபம் போட ஆட்களும் வந்தார்கள். நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டிய அந்தக் காரியம், அந்தத் திண்ணையில் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் கூடிப் பேசியதால், அதே திண்ணையிலேயே ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு விளக்கம் தெரியாது.

இரண்டாவதாக மருத்துவம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ உதவிக்காக வந்து கதவைத் தட்டியதும், ஆண் மருத்துவரை அனுமதிக்க முடியாமல் அந்த மூன்று தாய்மாரும் இறந்துபோனதும், அதைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஊழியம் தொடங்கியதும் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும் சரித்திரம். அதில் நான் கவனிப்பது, அவர் தாம் ஒருவராகவே எல்லாரையும் குணமாக்கிவிட எண்ணவில்லை என்பதைத்தான். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கி, இந்த நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கினார். ஆகவே மருத்துவ ஊழியமும் கடைசியில் கல்வியில்தான் வந்து சேருகிறது. பொதுவாழ்வில் நேர்மை என்று மூன்றாவதாகச் சொன்னேன். அலுவலகத்தில் கை நீட்டாத கிறிஸ்தவன், கடையில் எடை குறைக்காத கிறிஸ்தவன் என்று பெயர் எடுப்பதைப் பற்றி விரிவாகப் பேச ஆசைதான். அசனத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஐயா அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது இது ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணிக்கு ஆலய மண்டபத்தைத் திறந்து, ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்க விளக்கும் தண்ணீரும் துணைக்கு ஒரு பெரியவரும் இருக்கும்படி செய்யுங்கள். கட்டணம் வாங்காதீர்கள். 2021இல் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, படித்த பெண்கள் தன்னார்வலர்களாக முன்வந்து தெருமுனைகளிலும் திண்ணைகளிலும் பாடம் சொல்லிக்கொடுத்தார்களே, அவர்களில் நம் சபைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இடம் தேவை. நம்மிடம் இடம் இருக்கிறது.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களின் மனதில் ஒரு கேள்வி எழுவது நியாயம் என்பதால் அதற்கும் இந்த மேடையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இது மதம் மாற்றும் இடமாக இருக்காது. படிக்க வருகிற பிள்ளையை ஜெபிக்கச் சொல்லுவதோ, துண்டுப்பிரதி கொடுத்து அனுப்புவதோ கூடாது. கணக்குப் படிக்க வந்த பிள்ளைக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பதுதான் நம் ஊழியம். பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்வரை சங்கத்துத் தாய்மாரில் இருவர் உடன் இருக்க வேண்டும். ஆலயப் பொருள் பழுதாகிவிடுமே என்று கமிட்டியாரில் சிலர் கவலைப்படுவது எனக்குத் தெரியும். நாற்காலி உடைந்தால் வேறு நாற்காலி வாங்கலாம், ஐயா. பத்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்ட பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவருவது எத்தனை கடினம் என்று வாழ்நாளெல்லாம் பள்ளியில் இருந்த எனக்குத் தெரியும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது என்றால் இன்றைய காலத்தில் இதுதான்.

மண்டபத்து வாசலில் தலைமையாசிரியை அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இருப்பார்கள். வாரத்தில் எந்த நாள் மாலை வர முடியும், எந்தப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியும் என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இதுவரை ஒருவரும் இல்லை. கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் வாலிபர்கள் முதலில் வாருங்கள். மண்டபச் சாவியின் மாற்றுச் சாவி ஒன்றை இன்றைக்கே தலைமையாசிரியை அவர்கள் கையில் ஒப்படைக்கும்படி சேகரத் தலைவர் ஐயா அவர்களையும் சபை கமிட்டியாரையும் உங்கள் அனைவரின் முன்னிலையிலும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.