கட்டிப்போட்ட ஆளிடம் என்ன போர்க்களம்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, காந்தி திடல் நிறைய உட்கார்ந்திருக்கும் புதுவை மக்களே, வணக்கம்!

போர்க்காலக் குற்றங்களை விசாரிக்க வேண்டியது ராணுவ நீதிமன்றமா, பொது நீதிமன்றமா? பொது நீதிமன்றமே என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, முன்னாள் ராணுவ வீரர், ஒரு போடு போட்டார். "கறுப்புக் கோட்டுக்காரங்களுக்குத் துப்பாக்கியில குண்டு எந்தப் பக்கமா வரும்னே தெரியாது. அவங்களா சிப்பாயை விசாரிக்கிறது?" என்றார். கைத்தட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயா, இது சொல்தா குடும்பங்கள் நிறைந்த ஊர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா போனார், அல்ஜீரியா போனார் என்று சொல்கிற வீடு தெருவுக்குத் தெரு உண்டு. 1954 நவம்பர் 1, புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள். அதே நாளில்தான் பிரான்ஸ் ஆண்ட அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது! நமக்கு, இந்தியாவோடு இணைய நடந்த கீழூர் வாக்கெடுப்போடு முடிந்தது. அவர்களுக்கு ஏறக்குறைய எட்டு வருஷம் ரத்தம்.

1957 ஜனவரியில் அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸின் போலீஸ் அதிகாரத்தையே பிரெஞ்சுத் தளபதி மசூவின் பாராசூட் படையிடம் கொடுத்தார்கள். ஜூன் 11, ராத்திரி. மொரீஸ் ஒதான் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. 25 வயது. பிரெஞ்சுக்காரர்தான். பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், அல்ஜீரிய விடுதலையை ஆதரித்த கம்யூனிஸ்ட். மனைவி ஜோசெத், மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ராணுவம் சொன்னது: ஜூன் 21-ஆம் தேதி, வேறிடம் கொண்டுபோகும்போது, தப்பி ஓடிவிட்டார்.

ஓடிவிட்டாராம்! ஓடினவர் வீட்டுக்கு வந்தாரா? வரவில்லை. ஒரு வரி கடிதம்? இல்லை. அந்த டிசம்பரில் பாரிஸில் அவருடைய முனைவர் பட்டத்துக்கான அவை கூடுகிறது. பேராசிரியர்கள் வந்துவிட்டார்கள். ஆய்வு மேசைமேல் இருக்கிறது. பட்டம் வாங்க வேண்டியவர் மட்டும் இல்லை! மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி, ஆள் இல்லாமலே பட்டத்தைக் கொடுத்தார்கள். உயிரைக் கொடுத்து உழைத்த படிப்பு ஐயா அது. உயிரோடு இருந்தால் ஒரு சேதியாவது அனுப்பியிருக்க மாட்டாரா? அப்போதும் ராணுவத்தின் பதில் அதேதான். ஓடிவிட்டார்.

இப்போது அந்தக் குண்டுக்கு வருகிறேன். ஒதானைக் கூட்டிப்போன மறுநாள் அவர் வீட்டில் பிடிபட்ட பத்திரிகையாளர் ஆன்ரி அலெக் பிழைத்து வந்து சொன்னார்: உடம்பில் கரண்ட் வைத்தார்கள், தண்ணீரால் மூச்சை அடைத்தார்கள். எங்கே? எல்லையிலா? பனிமலையிலா? எல்பியார் என்ற இடத்தில், ஒரு கட்டடத்துக்குள்ளே! கட்டிப்போட்ட ஆளிடம் என்ன போர்க்களம்? அதை விசாரிக்கத் துப்பாக்கி எதற்குத் தெரிய வேண்டும்?

துப்பாக்கி தெரிந்தவர் ஒருவரும் பேசினார். பிரெஞ்சுத் தளபதி பொலார்தியேர், நாஜிகளை எதிர்த்துப் போரிட்டவர். சித்திரவதைக்கு நான் உடன்பட மாட்டேன் என்று 1957-இல் பொறுப்பிலிருந்து விலகினார், வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ராணுவம் அவருக்குக் கொடுத்தது 60 நாள் கோட்டைக் காவல். சித்திரவதை செய்தவனுக்கு அல்ல, அதை எதிர்த்தவருக்கு!

நம் நாட்டுக்கு வாருங்கள். காஷ்மீர், பத்ரிபல், 2000 மார்ச். தீவிரவாதிகள் என்று ஐந்து பேரைச் சுட்டார்கள். சிபிஐ விசாரித்து, போலி மோதல் என்று ராணுவ அதிகாரிகள்மேல் குற்றப்பத்திரிகை வைத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம், எங்கே விசாரிப்பது என்று ராணுவமே முடிவு செய்யட்டும் என்றது. ராணுவம் தன் கையில் எடுத்தது. 2014 ஜனவரியில் ஆதாரம் போதாது என்று மூடியது. ஐயா, எங்கே சாட்சிக் கூண்டு? எங்கே குறுக்கு விசாரணை? மணிப்பூரில் 1528 பேர் சாவுக்கு நியாயம் கேட்டு வந்த வழக்கில், சீருடைக்கு முழு விலக்கு கிடையாது என்று 2016-இல் சொன்னது எது? பொது நீதிமன்றம்!

ஜோசெத் 1957-லேயே கொலைப் புகார் கொடுத்தார். "அதைப் பொது நீதிமன்றமும் மூடியதே" என்பீர்கள். மூடியது. 1962-இல் அரசாங்கம் போட்ட பொதுமன்னிப்பு ஆணை நீதிபதியின் கையைக் கட்டியது. அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லித்தான் நாங்கள் பேசுகிறோம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

அந்த அம்மா பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்தார். நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பரில் பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் அவர் வீட்டுக்கே வந்து, உங்கள் கணவரின் சாவுக்கு ராணுவமும் அரசும் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 61 வருஷம்! அம்மாவுக்கு அப்போது 87 வயது. அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். கணவர் உடல் கிடைக்கவே இல்லை.

எதிரணி ஐயா, உங்கள் சீருடைக்கு என் வணக்கம். ராத்திரியில் கதவு தட்டப்பட்டு, உங்கள் மருமகனைக் கூட்டிப்போய், ஓடிவிட்டான் என்று சொன்னால், உங்கள் மகள் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று சொல்வீர்கள்? கூட்டிப்போனவர்களின் வாசலுக்கா? நடுவர் அவர்களே, அந்தப் பெண் ஏறி நின்று கேட்க ஒரு பொதுக்கூண்டு வேண்டும். எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். வணக்கம்.