கிளம்புவதற்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

நீண்ட தூரம் போகும் பேருந்து ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் இருக்கையில் ஒரு குழந்தை. இதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது திடீரென்று அமைதியாகிவிடுகிறது. ஒரு கொட்டாவி, அப்புறம் இன்னொரு கொட்டாவி. உதடு வெளுக்கிறது. நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கிறது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அம்மா அவசரமாகப் பையைத் துழாவி, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, விரல் நகத்தால் பாதியாக உடைத்து, தண்ணீரோடு கொடுக்கிறார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீரும் மாத்திரையும் வெளியே வந்துவிடுகின்றன.

"மாத்திரை கொடுத்தும் கேட்கலையே!"

மருந்தாளுநராக 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதம் கழிந்ததில்லை. மாத்திரையில் கோளாறு இல்லை, அந்த அம்மா மீதும் தவறில்லை. எப்போது கொடுக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பயணக் குமட்டலுக்கான மருந்து, குமட்டல் வராமல் தடுக்கிற மருந்து. வந்த பிறகு அதை விரட்டும் வேலையை அது சரியாகச் செய்யாது. இன்னும் இரண்டு மூன்று முறை இதையே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படி? குமட்டல் தொடங்கிய உடனேயே வயிற்றின் அசைவு மந்தமாகிவிடுகிறது. நாம் விழுங்கும் மாத்திரை வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போனால்தான் நன்றாக உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கும். வயிறோ கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது வந்த வழியே திரும்பிவிடும்.

குமட்டல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உட்செவியில் கேட்பதற்கான கருவி மட்டும் இல்லை. உடம்பு எந்தப் பக்கம் அசைகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணரும் கருவியும் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் திரவம் உண்டு. நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தண்ணீர் தளும்புகிறதே, அது மாதிரி உடம்பு திரும்பும்போது அந்தத் திரவமும் நகர்கிறது. வண்டிக்குள் குனிந்து கைபேசியைப் பார்க்கிறீர்கள். கைபேசி அசையாமல் இருக்கிறது என்று கண் சொல்கிறது. வண்டி குலுங்குகிறது, வளைகிறது என்று காது சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. ஆகவே இது வயிற்று நோய் இல்லை. இதற்கான மருந்தும் வயிற்று மருந்து இல்லை, மூளையில் வேலை செய்கிற மருந்து. மாத்திரை கடுகளவுதான் இருக்கும், ஆனால் போய்ச் சேரும் இடம் மூளை.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்வேன். 1947ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒவ்வாமைப் பிரிவில் லெஸ்லி கே, பால் கார்லைனர் என்று இரண்டு மருத்துவர்கள். தோலில் தடிப்பு தடிப்பாகக் கிளம்பி அரிக்கும் நோய்க்குப் புதிதாக வந்த ஒரு மருந்தை அவர்கள் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நோயோடு ஒரு பெண்மணி வந்தார். மருந்து கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் சொன்ன சேதி வேறு. டிராம் வண்டியில் ஏறினாலே அவருக்குக் குமட்டுமாம், எத்தனையோ வருடமாக இருந்த தொல்லை. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினால் ஒன்றும் செய்யவில்லையாம்!

இதில் நான் வியப்பது அந்த மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்டதைத்தான். அரிப்புக்கு மருந்து வாங்க வந்தவர் டிராம் பயணத்தைப் பற்றிப் பேசுகிறார். 'சரி சரி, அரிப்பு எப்படி இருக்கிறது?' என்று பேச்சை மாற்றியிருக்கலாம். அவர்கள் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு, 1948 நவம்பரில், ஜெனரல் பாலூ என்ற படைக்கப்பலில் 1300க்கும் மேற்பட்ட வீரர்கள் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்டார்கள். குளிர்காலத்து அட்லாண்டிக் கடல், அலைக்குக் கேட்க வேண்டுமா? அந்தக் கப்பலில் ஒரு பகுதியினருக்கு உண்மையான மருந்து, இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்து ஒப்பிட்டார்கள். மருந்து வேலை செய்வது தெளிவாகத் தெரிந்தது. அதுதான் டைமென்ஹைட்ரினேட். முக்கால் நூற்றாண்டு கடந்தும் இன்றைக்கும் உலகமெங்கும் விற்கிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பெண்மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் டிராமில் ஏறினார். ஏறிய பிறகு போடவில்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். டைமென்ஹைட்ரினேட் என்றால் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். மெக்லிசின் ஒரு மணி நேரம் முன்னால். சின்னரிசின் இரண்டு மணி நேரம் முன்னால். புரோமெதசின் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும், அதனால் முந்தைய நாள் இரவு படுக்கும்போதே போடச் சொல்வதும் உண்டு. இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். மருந்து வாங்கும்போது, "எத்தனை மணிக்கு வண்டி, எத்தனை மணிக்கு இதைப் போடணும்?" என்று கேளுங்கள். அந்த மணியை அட்டை மேலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

அடுத்தது தூக்கம். இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை பழைய வகை ஒவ்வாமை மருந்துகள். மூளைக்குள் நுழைவதால்தான் குமட்டலைத் தடுக்கின்றன, அதனால்தான் தூக்கமும் வருகிறது. சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பார்கள், "தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை இருக்கிறதே, அதைப் போடலாமா?" என்று. செட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்றவை மூளைக்குள் அதிகம் போவதில்லை. அதனாலேயே பயணக் குமட்டலுக்கு அவை உதவுவதும் இல்லை. சாதாரண வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரானும் அப்படித்தான். வேறு காரணத்தால் வரும் வாந்திக்கு அருமையான மருந்து, வண்டி குலுக்கலுக்கு அது தோது இல்லை.

சரி, தூக்கம் வந்தால் வண்டியில் தூங்கிவிட்டுப் போகலாமே என்பீர்கள். பயணியாக இருக்கும் வரைக்கும் பரவாயில்லை. ஆனால் குடும்பத்தோடு காரில் போகும்போது நடப்பது வேறு. பயணக் குமட்டல் உள்ளவர்களுக்கு வண்டியைத் தாங்களே ஓட்டினால் பெரும்பாலும் அது வருவதில்லை. வளைவு எங்கே, பிரேக் எப்போது என்று அவர்கள் மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் வந்தவர், மத்தியானம், "நீ கொஞ்சம் ஓய்வெடு, நான் ஓட்டுறேன், எனக்கு ஓட்டினால் ஒன்றும் செய்யாது" என்று இடம் மாறிக்கொள்கிறார். குமட்டல் வராது, உண்மைதான். ஆனால் காலையில் போட்ட மாத்திரை இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. கண் விழித்திருந்தாலும் கை கால் தாமதமாக வேலை செய்யும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாத்திரை போட்ட அன்று வண்டி ஓட்ட வேண்டாம், மதுவும் வேண்டவே வேண்டாம். மது இந்தத் தூக்கத்தைப் பல மடங்கு ஆழமாக்கிவிடும்.

ஒரு பெரியவரின் விஷயம் எனக்கு மறக்காது. எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய மருமகள் ஒரு நாள் வந்து என் மேசை மேல் மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தார். "மாமா பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்னையே யாருன்னு கேட்டாங்க. ராத்திரி முழுக்க சிறுநீர் பிரியலை. டியூப் போட்டுத்தான் எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஆனா ஏன் இப்படி ஆச்சு?" என்றார். அட்டைகளைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்று பயண மாத்திரை, டைமென்ஹைட்ரினேட். இரண்டாவது தூக்கத்துக்குப் போடுவது, டைஃபென்ஹைட்ரமின். மூன்றாவது சளிக்கு, குளோர்பெனிரமின் கலந்தது. மேலே மூன்று பெயர், மூன்று நிறம், மூன்று உபயோகம். உள்ளே மூன்றும் ஒரே குடும்பம். அதிலும் டைமென்ஹைட்ரினேட் உடம்புக்குள் போய்ப் பிரிந்தால் கிடைப்பதே டைஃபென்ஹைட்ரமின்தான். பாவம், அந்தப் பெரியவர் ஒரே மருந்தை இரண்டு அட்டையிலிருந்து போட்டிருக்கிறார், கூடவே அதன் தம்பியையும்.

வயதானவர்களுக்கு இந்த வகை மருந்துகள் குழப்பத்தை உண்டாக்கும், வாய் வறளும், நடை தடுமாறும். புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்குக் கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். அதனால் வீட்டுப் பெரியவருக்குப் பயண மாத்திரை வாங்கப் போகும்போது, அவர் ஏற்கெனவே போடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும். அந்த மருமகள் செய்ததைப் பயணத்துக்கு முன்பே செய்யுங்கள் என்கிறேன்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பயணக் குமட்டல் வருவதே அபூர்வம். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். இரண்டு வயதுக்குக் கீழே இந்த மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். புரோமெதசின் கூடவே கூடாது, மூச்சையே அடக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. மற்ற குழந்தைகளுக்கும் பெரியவர்கள் மாத்திரையை நகத்தால் கிள்ளிக் கொடுக்க வேண்டாம். கிள்ளிய துண்டில் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லி, அளவு கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுக்கும், படபடப்பாகி அழும். அது ஓடும் வண்டியில் தெரியவருவதை விட வீட்டில் தெரிவது நல்லது. முதல் தடவை என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு, பயணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டில் இருக்கும்போது ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் பேட்ச் ஒன்றும் இருக்கிறது. ஹையோசின் என்ற மருந்து, ஸ்கோபலமின் என்றும் சொல்வார்கள். கப்பல் பயணம் போன்ற நீண்ட பயணத்துக்கு ஏற்றது, மூன்று நாள் வரை வேலை செய்யும். இதிலும் அதே பாட்டுதான், முன்னால் ஒட்ட வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால். ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை விரிந்து, பார்வை மங்கிப்போகும். பேட்சைக் கத்தரித்துப் பாதியாக ஒட்டக்கூடாது. அது இருக்கும்போது உடம்பு சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மருந்து வியர்வையைக் குறைத்துவிடும்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். மருந்தே இல்லாமல் சமாளிப்பதைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காரில் முன் இருக்கை. கப்பலில் நடுப்பகுதி. விமானத்தில் இறக்கைக்கு நேரான இருக்கை. புத்தகத்தையும் கைபேசியையும் மூடி வைத்துவிட்டு, வெளியே தூரத்தில் வானமும் தரையும் சேரும் கோட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் தலையைச் சாய்த்து அசையாமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறாகவும் போக வேண்டாம். பலருக்கு இதுவே போதும், மாத்திரையே தேவைப்படாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் தலைச்சுற்றல் நிற்கவில்லை என்றாலோ, காது கேட்பது குறைந்தாலோ, கடுமையான தலைவலி சேர்ந்து வந்தாலோ அதைப் பயணத்தின் மேல் போடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

பயணத்தில் வாந்தி எடுப்பதற்கு வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். அந்தப் பயணம் நெடுகக் கடல் குமட்டல் அவரைப் படுத்தியது. அவர் காலத்தில் இந்த மாத்திரை இல்லை. நமக்கு இருக்கிறது. நாளைக்கு எங்காவது கிளம்புகிறவர்கள் இன்று இரவே அட்டையை எடுத்து, எத்தனை மணிக்குப் போடணும் என்று பார்த்து வையுங்கள். வணக்கம்.